மேலூரில் நிற்காத எக்ஸ்பிரஸ்

தூத்துக்குடியில் ரயில் ஏற இரண்டு ஸ்டேஷன்கள் உண்டு. கடலை ஒட்டிக் கிழக்கே இருப்பது கீழூர் ஸ்டேஷன். அதற்கு மேற்கே, அந்தக் காலத்தில் ஊர் முடிகிற இடத்தில் இருந்தது மேலூர் ஸ்டேஷன். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஜட்காவில் போனால், வெற்றிலை போட்டு மென்று துப்புவதற்குள் போய்விடலாம். அந்தத் தூரத்தைக் கடக்க முடியாமல்தான் நான் டாக்டராகாமல் போனேன். இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது? எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான் வருகிறது. வயதானால் கோபம் ஆறிவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். எனக்கு ஆறவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. துறைமுகத்துப் பக்கம் போனால் சிப்பாய்கள் விரட்டினார்கள். அரிசி, மண்ணெண்ணெய், துணி எல்லாவற்றுக்கும் வரிசை. கார் வைத்திருந்தவர்கள் பெட்ரோல் கிடைக்காமல் அதைத் துணி போர்த்தி நிறுத்தியிருந்தார்கள். நான் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி இண்டர்மீடியட் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து கருப்பட்டி மண்டி நடத்தினார்கள். சேர்ந்து என்பது மரியாதைக்குச் சொல்வது. நடத்தியது பெரியப்பா, கூட இருந்தது அப்பா. எந்த ஊருக்கு எத்தனை சிப்பம் அனுப்புவது என்பதிலிருந்து, வீட்டில் எந்தக் குழந்தைக்கு எப்போது மொட்டை போடுவது என்பது வரை பெரியப்பா வாயிலிருந்து வந்தால்தான் நடக்கும். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு அபிப்பிராயம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

பெரியப்பா என் படிப்புக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். எதிரியாக இருந்திருந்தால் கோபப்படுவது எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். என்னைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பச் சொன்னதே அவர்தான். அதற்குக் காரணம் உண்டு. அவருடைய மூத்த மகள், என் பெரியம்மா மகள், முதல் பிரசவத்தில் இறந்துபோனாள். ஊரில் அப்போது பெண் டாக்டர் கிடையாது. ஆண் டாக்டரை உள்ளே விடலாமா வேண்டாமா என்று ஆம்பிளைகள் முற்றத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பேசி முடிப்பதற்குள் அக்கா போய்விட்டாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். அந்தப் பேச்சு முழுவதும் என் காதில் விழுந்தது. டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று நான் நினைத்தது அன்றைக்குத்தான். பெரியப்பாவும் அன்றைக்குத்தான் நினைத்திருக்க வேண்டும். மண்டிக்கு வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம வீட்டுப் பிள்ளை டாக்டருக்குப் படிக்கப் போவுது. இனிமே நம்ம பொம்பளைய யாரும் டாக்டர் இல்லாம சாவ வேண்டாம், பாத்துக்கிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பட்டணத்து வைத்தியக் கல்லூரியிலிருந்து கடிதம் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் வந்தது. யுத்தத்தில் தபால் வருவதே பெரிய காரியம். எங்கெங்கோ சுற்றி, உறை நசுங்கி வந்து சேர்ந்தது. வியாழக்கிழமை காலையில் நேரில் வர வேண்டும், பெயர் கூப்பிடும்போது இல்லாதவர்களின் இடம் காத்திருப்பவர்களுக்குப் போகும் என்று எழுதியிருந்தார்கள். பெண்களுக்கு ஒதுக்கிய இடங்களே விரல் விட்டு எண்ணக்கூடியவை. அதில் ஒன்று எனக்கு. அம்மா கடிதத்தை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். நான் அதைத் திரும்ப எடுத்து இன்னொரு முறை படித்தேன்.

சாயங்காலம் கீழூரிலிருந்து எக்ஸ்பிரஸ் புறப்படும். அதில் ஏறினால் விடிந்ததும் எழும்பூரில் இறங்கலாம். அன்றைக்கே புறப்பட்டிருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது. கீழூர் ஸ்டேஷன் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இஞ்சின் ஊதினால் அடுக்களையில் கேட்கும். அவசரம் வேண்டாம் என்றால் செவ்வாய்க்கிழமை போகலாம். அதுவும் முடியாவிட்டால் புதன்கிழமை. மூன்று வண்டிகள் எனக்காகக் காத்திருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் எப்படி விட்டோம் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

பெரியப்பா மண்டியிலிருந்து வந்து, கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பஞ்சாங்கத்தை எடுத்தார்.

"செவ்வாயும் புதனும் வடக்க சூலம்" என்றார். பட்டணம் வடக்கே இருக்கிறது. ஆகவே அந்த இரண்டு நாளும் கூடாது.

"அப்பம் இன்னைக்கே போயிருதோம் பெரியப்பா" என்றேன்.

"இன்னைக்குத் திங்கள்லா? திங்கள் கிழக்க சூலம். கீழூர் ஸ்டேஷன் எங்கன இருக்கு? கிழக்க இருக்கு. வடக்க போறவ கிழக்க சூலத்துல காலை வச்சா போவாளா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் விளையாடுகிறார் என்று நினைத்தேன். பெரியப்பாவின் மூத்த மகன் கொழும்புக்குக் கப்பலேறியபோது அது சனிக்கிழமை. சனிக்கும் கிழக்கே சூலம்தான். கேட்டதற்கு, கப்பலுக்குச் சூலம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் மண்டிக் கருப்பட்டி செவ்வாயும் போகும், புதனும் போகும். வடக்கே போன ஒரு சிப்பத்தையாவது சூலம் குத்தியதாகத் தகவல் இல்லை. ஆம்பிளைக்குக் கிடையாது, கருப்பட்டிக்குக் கிடையாது, பொம்பளைப் பிள்ளை பெட்டியைத் தூக்கினால் மட்டும் நான்கு திசையிலும் சூலம் எழுந்து நிற்கும். அன்றைக்கு இதையெல்லாம் நான் மனதுக்குள்தான் சொன்னேன். வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

அம்மா பெரியப்பா முன்னால் வந்து பேச மாட்டாள். அடுக்களை நிலைக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டு, "ஏளா, புதன் சூலத்துக்குப் பாலைக் குடிச்சிட்டுப் போவலாம்னு அந்தப் பஞ்சாங்கத்துலயே பரிகாரம் போட்டிருக்கும். பாத்துச் சொல்லச் சொல்லு" என்றாள். அவள் சொன்னது சரி. அந்தப் பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. நான் விரலை வைத்துக் காட்டினேன்.

"பாலு குடிக்கது திருநெல்வேலிக்குப் போறவனுக்கு" என்றார் பெரியப்பா. "இது பட்டணத்துக்குப் போற காரியம். நம்ம குடும்பத்துல முதல்ல நடக்குத காரியம். முறையாச் செய்வோம்."

அவருடைய முறை இதுதான். திங்கட்கிழமை வடக்கே போகத் தடையில்லை. அதனால் அன்றைக்கே நல்ல நேரம் பார்த்து என் பெட்டியை வீட்டைவிட்டு வெளியேற்றி ஓரிடத்தில் வைத்துவிட வேண்டும். பரஸ்தானம் வைப்பது என்பார்கள். பெட்டி புறப்பட்டால் பிள்ளை புறப்பட்ட மாதிரி. அப்புறம் புதன்கிழமை நான் போய்ப் பெட்டியோடு சேர்ந்துகொண்டு வண்டி ஏறினால் அது திங்கட்கிழமை தொடங்கிய பயணம் ஆகிவிடும், சூலம் ஏமாந்துபோகும். பெட்டியைக் கீழூரில் வைக்க முடியாது, அது கிழக்கு. மேலூர் ஸ்டேஷன் வீட்டுக்கு மேற்கே இருக்கிறது. அங்கே வைத்தால் எந்தத் தோஷமும் இல்லை. வைத்த பெட்டி திரும்பி வரக் கூடாது என்பதால் வண்டியும் மேலூரிலேயே ஏறிவிட வேண்டும். எக்ஸ்பிரஸ் மேலூரில் நின்றுதான் போகும் என்று பெரியப்பா சொன்னார். யுத்தத்துக்கு முன்னால் அது நின்றதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். யுத்தம் தொடங்கிய பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்த வண்டியில் ஏறவில்லை.

அன்று சாயங்காலமே என் தகரப் பெட்டி மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டு ஜட்காவில் ஏறி மேலூருக்குப் போனது. கூடப் போனவர் பெரியப்பா. பெட்டியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, காரியம் முடிந்த சந்தோஷத்தில் அல்வா வாங்கிக்கொண்டு வந்தார். அவர் வந்த கொஞ்ச நேரத்தில் திங்கட்கிழமை எக்ஸ்பிரஸ் கீழூரில் ஊதியது. வீட்டில் எல்லாரும் அல்வா தின்றுகொண்டிருந்தோம். மறுநாள் செவ்வாய்க்கிழமை எக்ஸ்பிரஸும் ஊதியது.

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் தொடங்குகிறது என்பதால் அதற்கு முன்பே வீட்டை விட்டு இறங்கினோம். துணைக்கு அப்பா வந்தார். புறப்படும்போது அம்மா அடுக்களைக்குள் கூப்பிட்டு ஒரு தம்ளர் பாலைக் கையில் கொடுத்து, "சத்தம் காட்டாம குடி" என்றாள். குடித்தேன். வாசலில் ஜட்காக்காரர் குதிரையை வழக்கம் போலக் கிழக்கே திருப்பினார். அப்பா, "மேற்க விடும்" என்றார். "ரயிலுக்குன்னுல்லா சொன்னிய?" என்று அவர் கேட்டார். கீழூர் ஸ்டேஷனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாங்கள் ரயிலுக்குப் போனோம்.

மேலூர் ஸ்டேஷன் அப்போது ஒரு ஓட்டுக் கட்டடம். சுற்றிலும் பஞ்சுப் பொதியும் உப்பு மூட்டையும் வேகனுக்காகக் காத்துக் கிடந்தன. அந்த நேரத்தில் வண்டி எதுவும் இல்லாததால் டிக்கெட் கொடுக்கிற அறை பூட்டியிருந்தது. விளக்குத் துடைக்கிறவர் என் பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். நாங்கள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைத் தின்றோம். வெயில் உப்பளத்துக் காற்றோடு சேர்ந்து முகத்தில் அறைந்தது. அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நாளைக்கு இந்நேரம் கல்லூரியில் இருப்பேன் என்ற நினைப்பு ஒன்றே போதுமாக இருந்தது. பெயர் கூப்பிட்டால் எப்படி எழுந்து நிற்க வேண்டும், இங்கிலீஷில் கேள்வி கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பா தூங்கிவிட்டார்.

டிக்கெட் கொடுக்கிற அறையை ஸ்டேஷன் மாஸ்டர் வந்து திறந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அப்பா எழுந்து போய், "பட்டணத்துக்கு ரெண்டு. எக்ஸ்பிரஸ்" என்றார்.

"எக்ஸ்பிரஸ் இங்கன நிக்காதே அண்ணாச்சி" என்றார் மாஸ்டர். "யுத்தம் வந்ததுல இருந்து நிக்கதில்ல. கீழூர்ல எடுத்தா நேர போயிரும். திங்கக்கிழமை பெட்டி கொண்டாந்தப்பவே உங்க அண்ணன்ட்ட சொன்னேம்லா?"

"சொன்னியளா?" என்றார் அப்பா.

"சொல்லாம இருப்பனா? 'எத்தன வேகன் சரக்கு இந்த ஊர்ல இருந்து ஏத்துதோம், எம் பிள்ளைக்கு ஒரு நிமிசம் நிக்காதோ? நான் கார்டுட்ட சொல்லிக்கிடுதேன்'னாவ. சரி, பெரிய ஆளு, கீழூர்ல பேசி முடிச்சிருப்பாவன்னு நான் இருந்துட்டேன்."

பெரியப்பா யாரிடமும் பேசவில்லை என்பது அப்பாவின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. யுத்தத்துக்கு முன்னால், மண்டிக்காரர் சொன்னால் கார்டு ஒரு நிமிஷம் கூடுதலாக நிறுத்திக் கொடுத்தது உண்டு. அந்தப் பழைய செல்வாக்கு இன்னும் இருக்கிறது என்று பெரியப்பா நம்பிக்கொண்டிருந்தார். வண்டி நிற்காது என்று மாஸ்டர் முகத்துக்கு நேரே சொல்லியும், வீட்டுக்கு வந்து எங்களிடம் அதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அல்வா வாங்கிக்கொண்டு வந்தார்.

"இன்னும் நேரம் இருக்கு. ஜட்காவைப் பிடிச்சா கீழூர்ல போய் ஏறிரலாம். சட்டுனு கிளம்புங்க" என்றார் மாஸ்டர்.

நான் பெட்டியின் ஒரு கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினேன். அப்பா மறு கைப்பிடியைத் தொடவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பரஸ்தானம் வச்ச பெட்டி. அதைத் திரும்பக் கிழக்க கொண்டுபோவக் கூடாதே" என்றார்.

"பெட்டி இங்கனயே கிடக்கட்டும்ப்பா. நாம போவோம்."

"பெட்டிய விட்டுட்டுப் போனா பரஸ்தானமே இல்லைன்னு ஆயிருமே. அப்புறம் புதன்கிழமைதான புறப்பட்ட மாதிரி ஆவும்?"

படித்த மனிதர் இல்லை, ஆனாலும் முட்டாள் இல்லை என் அப்பா. கருப்பட்டியை முகர்ந்து பார்த்து எந்த ஊர்ப் பதநீர் என்று சொல்லிவிடுவார். அந்த மனிதர், மகளின் வாழ்க்கை அடுத்த ஸ்டேஷனில் இஞ்சின் மாட்டிக்கொண்டு நிற்கும்போது, ஒரு தகரப் பெட்டிக்கு எந்தத் திசை ஆகும் என்று யோசித்துக்கொண்டு நின்றார். நான் பிளாட்பாரத்தில் கத்தினேன். ஊரில் ஒரு வயசுப் பெண் பொது இடத்தில் அப்படிக் கத்தி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். உப்பு மூட்டைத் தூக்குகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் அப்பா பெட்டியைத் தூக்கி ஜட்காவில் வைத்தார். ஏறி உட்கார்ந்ததும், "வழியில மண்டியில ஒரு நிமிசம் நிப்பாட்டும். அண்ணன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுருதேன்" என்றார்.

வேண்டாம் என்று சொன்னேன். கெஞ்சினேன். ஜட்கா மண்டி வாசலில் நின்றது.

பெரியப்பா மெத்தையில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு வந்த கோபம் முழுவதும் மேலூர் மாஸ்டர் மேல்தான். "நிக்காதுன்னா அவன் கட்டன்ரைட்டா சொல்லியிருக்கணும்லா? பெட்டிய என்னத்துக்கு வாங்கி வச்சான்?" என்று கத்தினார். நான் ஜட்காவில் இருந்தபடியே, "பெரியப்பா, வண்டி போயிரும், பெரியப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். "போவாது. நான் வாரேன். கார்டுட்ட நானே சொல்லுதேன்" என்று எழுந்தார். எழுந்தவர் நேரே வந்து ஏறினாரா? உள்ளே போய்ச் சட்டையை மாற்றினார். அங்கவஸ்திரத்தை எடுத்து மடித்துத் தோளில் போட்டார். திருநீறு பூசினார். நல்ல கனமான உடம்பு. அவர் ஏறியதும் வண்டி பின்பக்கம் அமுங்கி, குதிரை காலை எடுத்து வைக்கவே யோசித்தது.

கீழூருக்குப் போகிற வழியில் தண்டவாளத்தைக் கடக்கிற இரண்டாம் கேட்டுக்கு வந்தபோது கேட் மூடியிருந்தது.

எந்த வண்டிக்காக மூடியிருக்கிறார்கள் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கிழக்கே புகை தெரிந்தது. பெரியப்பா ஜட்காவிலிருந்து இறங்கி, கேட்காரரைப் பார்த்து, "ஏய், கொடிய காட்டி நிப்பாட்டும்!" என்றார். கேட்காரர் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. பெரியப்பா அங்கவஸ்திரத்தை எடுத்து வீசினார். எக்ஸ்பிரஸ் அப்போதுதான் வேகம் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் போனது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்கள், தங்களை வழியனுப்ப வந்த யாரோ என்று நினைத்தார்கள் போல, அவரைப் பார்த்துக் கையசைத்தார்கள். பெண்கள் பெட்டியில் இடம் காலியாக இருந்தது. அதை நான் பார்த்தேன். குதித்து இறங்கி ஓடப் பார்த்தேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடைசிப் பெட்டியும் போன பிறகு எனக்கு மணியாச்சி நினைவுக்கு வந்தது. தூத்துக்குடிப் பெட்டிகள் மணியாச்சி ஜங்ஷனில் கொஞ்ச நேரம் நிற்கும். அங்கேதான் திருநெல்வேலியிலிருந்து வருகிற பெட்டிகளோடு சேர்த்து மாட்டுவார்கள். எங்கள் மண்டி லாரி அன்றைக்கு வாசலில் சும்மாதான் நின்றது. கரி வாயுவில் ஓடுகிற லாரி, திணறித் திணறித்தான் ஓடும். அது மணியாச்சிக்கு நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. சேராமலும் போயிருக்கலாம். "லாரியில மணியாச்சிக்குப் போயிரலாம் பெரியப்பா, அங்கன பிடிச்சிரலாம்" என்றேன். அவர் அங்கவஸ்திரத்தைத் திரும்பத் தோளில் போட்டு மடிப்பைச் சரிசெய்தார்.

"வேண்டாம்ளா" என்றார். முகத்தில் கோபமெல்லாம் போய் ஒரு நிம்மதி வந்திருந்தது. "பாத்தியா? சூலம் தடுத்துட்டு. தடுத்ததை மீறிப் போவக் கூடாது. போயிருந்தா என்ன நடந்திருக்குமோ, சாமிதான் காப்பாத்தியிருக்கு."

"சூலம் தடுக்கல. நீங்கதான் தடுத்திய" என்றேன்.

அப்பா என்னை அடித்தார். அதுவரைக்கும் என்மேல் கை வைத்தவர் இல்லை. கேட் திறந்து, வண்டிகளும் ஆட்களும் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், எல்லார் முன்னாலும் அடித்தார். மாஸ்டரிடம் வராத கோபம், அண்ணனிடம் வராத கோபம், என்னிடம் சரளமாக வந்தது. வலி ஒன்றும் பெரிதில்லை. அன்றைக்கு அந்தக் கேட்டில் அவர் எனக்காக வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இத்தனையையும் நான் என்றைக்கோ மறந்திருப்பேன்.

வீட்டில் அம்மா அடுக்களையிலிருந்து வந்தாள். மஞ்சளும் குங்குமமுமாகப் பெட்டி திரும்பி வந்து கூடத்தில் இறங்கியதைப் பார்த்தாள், என் கன்னத்தைப் பார்த்தாள், உள்ளே போய் உட்கார்ந்து அழுதாள். மறுநாள் காலையில் கல்லூரிக்குத் தந்தி அடித்தார்கள். இடம் நிரம்பிவிட்டது என்று பதில் வந்தது. "அடுத்த வருசம் பாத்துக்கிடலாம், எங்க போவுது கல்லூரி?" என்றார் பெரியப்பா.

அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. ஊருக்குச் சொல்ல ஒரு கதை கிடைத்துவிட்டது. மண்டியில், கல்யாண வீட்டில், கோயில் பிராகாரத்தில், சூலம் எப்படித் தன் கண் முன்னாலேயே பலித்தது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். பெட்டியை மேலூருக்குக் கொண்டுபோனதே தான்தான் என்பது அந்தக் கதையில் வராது. மாஸ்டர் சொன்னது வராது. கேட்டவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஒருவர்கூட, "சரி, அந்த ரயிலுக்கு என்னாச்சு?" என்று கேட்கவில்லை. நான் விசாரித்தேன். அந்த ரயில் ஒரு கீறலும் இல்லாமல், புதன்கிழமை வடக்கே புறப்பட்ட அத்தனை பேரையும் வியாழக்கிழமை காலையில் எழும்பூரில் இறக்கிவிட்டிருந்தது.

அடுத்த வருஷம் வருவதற்குள் தை வந்தது. கயத்தாற்றில் நல்ல இடம் என்றார்கள். கல்யாணம் முடிந்தது. என் வீட்டுக்காரரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் டாக்டருக்குப் படிக்க இருந்தவள் என்று அவர் வந்தவர்களிடம் பெருமையாகச் சொல்வார். அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் இருக்கும். மூன்றாவது பிரசவத்துக்குத் தூத்துக்குடிக்கு வந்திருந்தேன். இந்த முறை பிள்ளை குறுக்கே கிடந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே புதிதாக ஒரு பெண் டாக்டர் வந்திருந்தார். என் வயசுதான் இருக்கும். ஒரு பகலும் ஓர் இரவும் பாடுபட்டு என்னையும் பிள்ளையையும் பிழைக்க வைத்தார். என் அக்காவுக்கு அன்றைக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்தது. அந்த நன்றி எனக்கு உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு நாள் கழித்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆற்றங்கரைப் பக்கத்து ஊர், நெல் விவசாயக் குடும்பம், வீட்டில் அவர்தான் முதலில் படித்தவர். பேச்சில் எங்கள் ஊர் வாடை அடித்தது. நானும் இண்டர்மீடியட் வரை படித்தவள் என்று தெரிந்ததும் அவருக்குச் சந்தோஷம். டாக்டருக்குப் படிக்க எப்படி இடம் கிடைத்தது என்று கேட்டேன்.

"எனக்கு எங்க கிடைச்சுது?" என்று சிரித்தார். "காத்திருக்கவங்க வரிசையில இருந்தேன். கிடைக்காதுன்னு தெரியும். இருந்தாலும், போய்த்தான் பாப்பமேன்னு எங்கப்பா கூட்டிட்டுப் போனாங்க. திருநெல்வேலியில புதன்கிழமை சாயங்காலம் வண்டி ஏறி, விடிஞ்சதும் போய் வராந்தாவுல உக்காந்துட்டோம். நம்ம ஜில்லாவுல ஒரு பொண்ணு பேரைக் கூப்பிட்டாங்க. வரலை. திரும்பக் கூப்பிட்டாங்க. மூணாவது தடவையும் கூப்பிட்டுட்டு, அப்புறம் என் பேரைக் கூப்பிட்டாங்க."

பக்கத்தில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"அந்தப் பொண்ணு ஏன் வரலைன்னு நான் பலநாள் யோசிச்சிருக்கேன்" என்றார். "பாவம், உடம்புக்கு ஏதாவது வந்திருக்கும். இல்ல, வீட்டுல விட்டிருக்க மாட்டாங்க."

"உடம்பு நல்லாத்தான் இருந்துது" என்றேன். "வீட்டுலயும் விட்டாங்க. மேலூர் ஸ்டேஷன்ல பெட்டி மேல உக்காந்திருந்துது."

டாக்டர் என்னை உற்றுப் பார்த்தார். பிரசவக் காய்ச்சலில் உளறுகிறேன் என்று நினைத்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.